கரிசற் கொல்லையில் அதலைக் கொடி

கரிசற் பூமியில் ஐப்பசி மழை இறங்கியதும், ஒருவரும் விதையாத ஒரு கொடி பருத்திக்கும் உளுந்துக்கும் இடையே தளிர்த்துப் படரும். இதுவே அதலை. மணியாச்சி, கடம்பூர், கோவிற்பட்டிப் பக்கங்களில் களையெடுக்கச் செல்லும் பெண்டிர் இதன் காயை மடிநிறையப் பறித்து வருவார்கள். மிஞ்சியது சந்தைக்குப் போகும். புஞ்சையில் களையெனப்படுவது அடுப்பங்கரையில் கறியாகிவிடுகிறது.

இக்கொடி பாகல் இனத்தைச் சேர்ந்தது. தெலுங்கு நாட்டில் இதனைக் காசரகாய் என்பார்கள். இதன் உயிர் விதையிலிருப்பதைக் காட்டிலும் கிழங்கிலேயே இருக்கிறது எனலாம். மழைக்காலம் கழிந்து மண் வெடிக்கத் தொடங்கும்போது கொடி காய்ந்து மறையும். கிழங்கு மட்டும் கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, அடுத்த மழைக்கு விழிக்கும். மழை புரட்டாசியில் வந்தாலும், கார்த்திகைக்குத் தள்ளிப்போனாலும் அதற்குக் கவலையில்லை. மிளகாய்க்கு நாற்றுவிட்டு வானத்தைப் பார்த்து ஏமாந்த குடியானவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

ஆனால் இவ்வுறக்கமே அதற்கு ஆபத்தாகவும் முடிகிறது. நாட்டுக்கலப்பையின் மேலுழவுக்குத் தப்பிய கிழங்கு, ஆழ உழும் டிராக்டர்க் கலப்பைக்குத் தப்புவதில்லை. கோடையுழவில் மேலே புரட்டப்பட்டு வெயிலிற் காய்ந்துபோகிறது. களைக்கொல்லி தெளித்த நிலத்தில் தளிரும் கருகும். விதையால் ஈடு செய்யலாமென்றால், விதையின் தோடு கடினமாகையால் முளைப்பு மிகக் குறைவு. ஆகையால் ஒரு புஞ்சையிற் கிழங்கு அற்றுப்போனால் அங்கே கொடி மீண்டும் உண்டாவது அரிது. இதற்காகக் கோடையுழவைக் கைவிடச் சொல்வதற்கில்லை. மழைநீரை மண்ணில் இறக்க அது அவசியமே. கொல்லையில் ஒரு மூலையை அதலைக்கு ஒதுக்கிவிட்டால் போதும்.

தை, மாசியில் கொடி வாடும்போதே அது நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் செய்துகொள்ள வேண்டும். முற்றும் காய்ந்தபின் தேடினால் அகப்படாது. உழவுக்கு முன் கிழங்கைக் காயம்படாமல் அகழ்ந்து அன்றே கொல்லையில் நட்டுவிடலாம். வேலியோரம் சிலாக்கியமானது, உடைமுள் வேலியில் கொடி தானே ஏறும். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியிற் பூப்பதால், பழுபாகலுக்குப்போல் ஆண்கொடி தனியே வைக்க வேண்டுவதில்லை. கோடையில் தண்ணீர் ஊற்றலாகாது. அன்பு மிகுதியால் பலர் செய்யும் தவறு இது.

மழை மிகுவதற்கும் இடம்வைக்க வேண்டும். இதே தூத்துக்குடி ஜில்லாவில், 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர், அதாவது 37 அங்குலம், மழை கொட்டியது. கரிசல் தண்ணீரை எளிதில் வடியவிடாது. ஊறிய கிழங்கு அழுகும். எனவே ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தியும், சரிவான பக்கத்தில் ஒரு வடிகாலும் தேவை. பாதையோரப் புறம்போக்கில் மண் வெட்டும்போது, கொடியுள்ள இடங்களை விட்டுவைக்கும்படி கிராம அதிகாரிகள் சொல்லலாம்.

காயை இளசாகப் பறித்து அன்றே சமைக்க வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். கசப்பு அதிகமாகையால் புளியும் வறுத்த நிலக்கடலைப் பொடியும் சேர்த்து வதக்குவது வழக்கம். மிகுந்தால் வற்றல் போடலாம். கிழங்கை மாத்திரம் ஒருவரும் உண்ணலாகாது. நாட்டு வைத்தியத்தில் அது கருவைக் கலைக்கும் மருந்தாக வழங்கியது. அகழ்ந்த கிழங்கைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.