ரயில் போனது, பாதை நின்றது

கேரளத்தில் இடுக்கி மாவட்டம். தமிழ்நாட்டில் தேனி மாவட்டம். இரண்டும் சேரும் இடத்தில் மலைமேல் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் டாப் ஸ்டேஷன்.

ஸ்டேஷன் என்றால் ரயில் நிற்கும் இடம். ஆனால் இந்த ஊரில் ரயில் இல்லை. தண்டவாளமும் இல்லை. பிறகு ஏன் இந்தப் பெயர்?

ஒரு காலத்தில் இங்கே ரயில் வந்தது. அந்தக் கதைதான் இது.

தேயிலை போன வழி

மூணாறு மலைகளில் தேயிலை விளைந்தது. 1897-இல் கண்ணன் தேவன் என்ற பெயரில் தேயிலைக் கம்பெனி தொடங்கியது. தேயிலையைக் கீழே கொண்டுபோக நல்ல சாலை இல்லை. தலைச்சுமையாகவும் மாட்டின் மேலும் எவ்வளவு கொண்டுபோக முடியும்?

1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு பாதை போட்டார்கள். அதில் ஒரே ஒரு தண்டவாளம்தான் இருந்தது. வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஓடும். ஒரு பெரிய சக்கரம் பக்கத்தில் தரையில் ஓடும். வண்டி சாயாமல் அது தாங்கும். வண்டியை இழுத்தவை மாடுகள்.

1908-இல் இரட்டைத் தண்டவாளம் வந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு அடிதான் இடைவெளி. அதில் நீராவி எஞ்சின் ஓடியது. சின்ன ரயில்தான். ஆனாலும் பெட்டி பெட்டியாகத் தேயிலையை ஏற்றிச் சென்றது.

ரயில் டாப் ஸ்டேஷனோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் மலை செங்குத்தாக இறங்குகிறது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூருக்குப் போயின. பிறகு கப்பலேறி இங்கிலாந்து வரை சென்றன.

தேயிலை இறங்கிய மலையில் மனிதர்கள் ஏறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களில் பலர், போடிப் பக்கத்து மலைப் பாதைகளில் நடந்தே ஏறி வந்தார்கள்.

1924-ஆம் ஆண்டு வெள்ளம்

1924 ஜூலை மாதம். மழை விடாமல் பெய்தது. மலைகள் சரிந்தன. ஆறுகள் கரை மீறின. கேரளம் முழுவதும் பெரும் சேதம் உண்டானது. அது மலையாள ஆண்டு 1099. அதனால் பெரியவர்கள் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று சொல்வார்கள்.

அந்த வெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. மறுபடியும் அதைக் கட்டவில்லை. ரயிலின் காலம் முடிந்தது.

ஆனால் தடம் அழியவில்லை. இன்று மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தார்ச்சாலை போகிறது. தூரம் சுமார் 32 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி வழியாகப் போகலாம். பல இடங்களில் இந்தச் சாலை பழைய ரயில் தடத்தை ஒட்டியே செல்கிறது.

ரயில் தடத்தின் நன்மை

ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அதனால் ரயில் பாதையை மலையைச் சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். ஏற்றம் மெதுவாக இருக்கும். இறக்கமும் மெதுவாக இருக்கும்.

ரயிலுக்கு எளிதான பாதை, சைக்கிளுக்கும் எளிது. நடப்பவர்களுக்கும் மூச்சு வாங்காது.

வேறு நாடுகளில் இதைப் புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே ஒரு ரயில் பாதை 1960-களில் கைவிடப்பட்டது. அதன் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். கல்தூளைப் பரப்பிச் சமன் செய்தார்கள். எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரை சுமார் 51 கிலோமீட்டர் தூரம். நடுவில் சில சிற்றூர்கள். மூன்று மலைச் சுரங்கங்களும் உண்டு. இன்று அதில் நடக்கலாம், சைக்கிளில் போகலாம். கார், லாரி வரக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே சாலை

நமது மலைச் சாலையில் அப்படித் தனி வழி இல்லை. பஸ், ஜீப், கார் எல்லாம் இதே சாலையில்தான் வருகின்றன. சுற்றுலாக் காலத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். பள்ளிக்குப் போகும் குழந்தையும், தோட்டத்துக்குப் போகும் தாயும், சைக்கிளில் போகும் இளைஞரும் ஓரமாகவே போக வேண்டியிருக்கிறது. ஆகவே கவனம் தேவை.

நடப்பவர்களுக்கு: நடைமேடை இல்லாத சாலையில் வலப்பக்கம் நடப்பது நல்லது. அப்போது எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். மூடுபனியிலும் இரவிலும் வெளிர் நிற உடை அணிய வேண்டும். கையில் டார்ச் விளக்கு வேண்டும்.

சைக்கிளில் செல்பவர்களுக்கு: இடப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். வளைவில் மணி அடிக்க வேண்டும். இறக்கத்தில் ஒரு பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. இரண்டையும் சிறிது சிறிதாகப் பிடிக்க வேண்டும். மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது. அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

மாட்டுப்பட்டிப் பக்கம் யானைகள் வருவதுண்டு. யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். கூச்சல் போடக் கூடாது. அருகே போய்ப் படம் எடுக்கக் கூடாது.

காட்டுப் பாதையில் கவனம்

டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு ஒரு பாதை இறங்குகிறது. அது காட்டு வழி. சைக்கிளுக்கு உதவாது, நடக்கத்தான் முடியும்.

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். கோடையில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். தீ கீழிருந்து மேலே வேகமாக ஏறும். மனிதர் ஓடுவதைவிட வேகமாகப் பரவும்.

அதனால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. கோடையில் பாதையை மூடினால், அது நம் உயிரைக் காக்கத்தான். பீடியோ தீக்குச்சியோ காட்டில் எறியக் கூடாது.

ஒரு மனு எழுதலாம்

சாலை பொதுச்சொத்து. வண்டி உள்ளவருக்கு அதில் எவ்வளவு உரிமை உண்டோ, நடப்பவருக்கும் அவ்வளவு உரிமை உண்டு. பள்ளி அருகில் நடைமேடை வேண்டும் என்று கேட்கலாம். வளைவில் எச்சரிக்கைப் பலகை கேட்கலாம்.

எங்கே கேட்பது? கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் பேசலாம். மனுவும் கொடுக்கலாம். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, எங்கள் ஊர்ப் பள்ளிக்கு முன்னால் சாலை வளைகிறது. வண்டிகள் வேகமாக வருகின்றன. குழந்தைகள் நடக்க இடம் இல்லை. அங்கே நடைமேடையும் எச்சரிக்கைப் பலகையும் அமைத்துத் தர வேண்டுகிறோம்."

கீழே தேதி, ஊர்ப் பெயர், கையெழுத்து. பத்துப் பேர் கையெழுத்திட்டால் மனுவுக்குப் பலம் கூடும். ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தேயிலைக்காகப் போட்ட பாதையில் இன்று மனிதர்கள் போகிறார்கள். அவர்கள் பயமில்லாமல் போக வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?
2. பழைய ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் ஏற்றது?
3. உங்கள் ஊரில் நடப்பவர்களுக்கு ஆபத்தான இடம் எது?
4. அந்த இடத்தைப் பற்றி நான்கு வரியில் ஒரு மனு எழுதுங்கள்.