படித்தவரும் மயங்குவது ஏன்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

"நாலெழுத்துப் படித்தவனை எவனும் ஏமாற்ற முடியாது" என்று என் தந்தையார் அடிக்கடி கூறுவார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே அவர் சொல்லை நானும் முழுமையாக நம்பியிருந்தேன். ஜப்பான் நாட்டில் நடந்த ஒரு கொடுமையைப் பற்றிப் படித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் காலை, டோக்கியோ மாநகரின் சுரங்க இரயில்கள் ஐந்தில் 'சாரின்' என்னும் நஞ்சு பரப்பப்பட்டது. நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்தும் கொடிய சேர்மம் அது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். இறந்தோர் 14 பேர். அவர்களுள் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகள் நோயில் கிடந்து 2020இல் உயிர் நீத்தார்.

இதைச் செய்தவர்கள் 'ஓம் ஷின்ரிக்கியோ' என்னும் சமயக் கூட்டத்தார். ஷோகோ அசஹாரா என்பவர் 1984இல் ஒரு யோகப் பயிற்சி வகுப்பாக இதனைத் தொடங்கினார். பின்னர் உலகம் அழியப் போகிறது என்றும், தம் வழி நின்றோரே பிழைப்பர் என்றும் போதித்தார்.

நஞ்சுப் பைகளை இரயிலுக்குள் கொண்டு சென்றவர்கள் ஐவர். ஒருவர் இருதய அறுவை மருத்துவர். மூவர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர்கள். சாரினைத் தயாரித்தவரோ கரிம வேதியியல் பயின்றவர். நான் விரும்பிப் படிக்கும் அதே பாடம்! அறிவியல் கற்றவர்கள் எவ்வாறு இந்தக் கதிக்கு ஆளாயினர்?

பற்று வேறு, வெறி வேறு

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். சமயப் பற்று குற்றமன்று. விடியற்காலையில் எழுந்து விளக்கேற்றும் என் தாயாரும், ஐந்து வேளை தொழும் அண்டை வீட்டாரும், ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்லும் என் வகுப்புத் தோழனும் எவர்க்கும் தீங்கு நினையாதவர்கள். "எங்கள் தலைவரைக் கேள்வி கேட்பது பாவம், எங்களைச் சேராதவர் அழியத் தக்கவர்" என்னும் எண்ணம் புகும்போதுதான் பற்று வெறியாகிறது. இது எந்தச் சமயத்தின் பெயராலும் புகலாம்.

அனுபவம் சான்றாகுமா?

அந்த ஐவருள் கெனிச்சி ஹிரோசே ஒருவர். வசேதா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் பயின்ற சிறந்த மாணவர். வாழ்வின் பொருள் யாது என்ற ஏக்கம் அவருக்கு இளமையிலேயே இருந்தது. 1988இல் ஓம் கூட்டத்தின் நூல்களைப் படிக்கும்போது, தம் உடலுக்குள் ஏதோ ஆற்றல் எழுவதாக உணர்ந்தார். அந்த அனுபவத்தையே அசஹாரா கூறியவை அனைத்தும் உண்மை என்பதற்குச் சான்றாகக் கொண்டார். சிறையில் இருந்தபோது, தம்மைப் போல் பிறர் ஆகாதிருக்க, மாணவர்களுக்கென்றே நீண்ட கடிதம் எழுதினார். 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்ட பதின்மூவருள் அவரும் ஒருவர்.

நம் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். உப்புக் கரைசலில் பேரியம் குளோரைடு சேர்த்தால் வெண்மையான வீழ்படிவு வருகிறது. உடனே 'சல்பேட்' என்று எழுதிவிடலாமா? கார்பனேட்டும் வெண்மையான வீழ்படிவு தருமன்றோ? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது கரைகிறதா என்று பார்த்த பின்னரே முடிவு கூறலாம். ஹிரோசே கண்டது வெண்மையான வீழ்படிவு மட்டுமே. அதற்கு வேறு காரணம் இருக்கலாமோ என்னும் இரண்டாவது சோதனையை அவர் செய்யவில்லை. ஆய்வுக்கூடத்தில் கடைப்பிடித்த முறையை வாழ்க்கைக்குக் கொண்டுவர மறந்தார்.

நாமும் குற்றமற்றவரல்லோம். முதலாண்டில், மேல் வகுப்பு அண்ணன்மார் உப்பின் பெயரைச் சொல்லிவிட, சோதனைகளை அதற்கேற்ப எழுதி வைத்தவன் நான். மதிப்பெண்ணும் கிடைத்தது. முடிவை முதலில் ஏற்றுக்கொண்டு சான்றைப் பின்னால் தேடும் பழக்கம் இங்கேதான் வேர்விடுகிறது.

முளையிலேயே கவனித்தல்

நோயை முதலில் அறிபவர் வீட்டார். ஓம் கூட்டத்தில் துறவு பூண்டவர்கள் சொத்தை ஒப்படைத்து, குடும்பத் தொடர்பையும் அறுத்துக்கொண்டனர். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்குத் துணை நின்ற வழக்கறிஞர் சக்காமோட்டோ, 1989 நவம்பரில் மனைவியோடும் ஒரு வயது மகனோடும் அக்கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். அவர்களின் உடல்கள் 1995 செப்டம்பரில்தான் கண்டெடுக்கப்பட்டன. டோக்கியோ கொடுமைக்கு ஐந்தாண்டு முன்னரே பெற்றோர் எழுப்பிய குரலுக்கு உலகம் செவிசாய்த்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்!

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்னும் நகரில் வேறொரு வழியைக் கையாண்டனர். தீவிரவாதத்தின் பக்கம் சாயும் இளைஞரைப் பற்றிப் பெற்றோரோ ஆசிரியரோ தெரிவித்தால், போலீசும் நகராட்சியும் இணைந்து ஆராய்கின்றன. குற்றம் ஏதும் செய்யாதவராயின், அவரோடு பேசிப் பழக ஒரு வழிகாட்டியை அமர்த்துகின்றன. படிப்பு, வேலை ஆகியவற்றிற்கும் உதவி கிடைக்கிறது. தனித்துப் போனவனை மீண்டும் மனிதரோடு சேர்ப்பதே அதன் நோக்கம்.

நாம் செய்யத் தக்கவை

அறிவியல் மனப்பான்மையையும் மனித நேயத்தையும் ஆராயும் உணர்வையும் வளர்த்தல் குடிமகனின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவு கூறுகிறது. 1976இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. இக்கடமையை நாம் மூன்று கேள்விகளாகச் சுருக்கிக் கொள்ளலாம். இதற்குச் சான்று என்ன? இதே சான்றுக்கு வேறு விளக்கம் உண்டா? கேள்வி கேட்டால் இவர் விடை கூறுகிறாரா, சினம் கொள்கிறாரா?

பழைய நண்பர்களை விட்டு விலகி, ஒரே கூட்டத்தாரின் பேச்சையே பேசும் தோழன் எவனேனும் இருப்பின் அவனை எள்ளி நகையாடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள். உணவைப் பகிர்ந்து கொள்ளுங்கள். நாம் ஒதுக்கியவனைக் கைநீட்டி அழைக்கப் பலர் காத்திருக்கின்றனர். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து நிமிடம் எங்கள் கேள்விகளுக்கென ஒதுக்குங்கள். தவறான கேள்வியையும் பொறுத்தருளுங்கள்.

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் என் தந்தையாரிடம் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போ படிச்சா மட்டும் போதாதா?" என்றார். போதாதுதான். ஆயினும் அவர் கேட்டாரே அந்தக் கேள்வி, அங்கேதான் கல்வி தொடங்குகிறது.