நூல் மதிப்புரை எழுதுவோம்: இளையோர் நாவல்கள்



நூல் மதிப்புரை எழுதச் சொன்னால் பெரும்பாலான கொப்பிகளில் ஒரே வசனங்களையே காண்கின்றேன். "ஆசிரியர் எளிய நடையில் சிறப்பாக எழுதியுள்ளார்." "அனைவரும் வாசித்துப் பயன்பெற வேண்டிய நூல்." நூலைத் திறந்தும் பாராத ஒருவரால்கூட இவற்றை எழுத முடியும். புள்ளியிடுபவருக்கு இது உடனே தெரிந்துவிடும். தவறு உங்களுடையது மட்டுமன்று. முன்னர் நானும் ஒரு மாதிரி மதிப்புரையைக் கொடுத்து மனனம் செய்யச் சொன்னதுண்டு. ஆகவே இப்பாடத்தில் மாதிரி விடை இல்லை. வழி மட்டுமே உண்டு.

1. இளையோர் நாவல் என்பது யாது?

ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையிலான வாசகருக்காக, அவ்வயதினரையே முதன்மைப் பாத்திரமாகக் கொண்டு எழுதப்படுவது இளையோர் நாவலாகும். வீடு, நட்பு, பாடசாலை, அநீதி, இழப்பு என்பவற்றை முதன்முதலாக எதிர்கொள்ளும் மனமே இதன் களம்.

அமெரிக்காவில் 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' இவ்வகைக்கு வழிதிறந்த நாவல்களுள் ஒன்று. அது வெளிவந்தபோது அதன் ஆசிரியை எஸ். ஈ. ஹின்டனுக்கு வயது 18. பெண் எழுதியது என்பதற்காக மதிப்புரையாளர்கள் நூலை ஒதுக்கிவிடக்கூடும் என எண்ணிய பதிப்பகம், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இடும்படி ஆலோசனை கூறியது. நூலை வாசிக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடும் மதிப்புரையாளர் எக்காலத்திலும் உள்ளனர். நாம் அவ்வாறு இருத்தலாகாது.

அந்நாவலின் முடிவில், முழுக்கதையும் ஒரு மாணவன் தன் ஆசிரியருக்காக எழுதிய கட்டுரையே எனத் தெரியவருகின்றது. கட்டுரைக் கொப்பியில் உண்மையையும் எழுதலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

2. தமிழில் இரு நாவல்கள்

(அ) பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000). கொங்கு நாட்டில் கவுண்டர் வீட்டில் பண்ணையத்து ஆளாக ஆடு மேய்க்கும் தலித் சிறுவன் கூளையனின் கதை.

(ஆ) யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. சாகித்திய அகாதெமியின் 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைத் தமிழில் பெற்றது. பேசும் மரப்பாச்சிப் பொம்மை ஒன்றின் துணையோடு, சிறுவருக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைப் பற்றிப் பேசுகின்றது.

முன்னையது இளையோரைப் பற்றியது. ஆயின் இளையோருக்கென எழுதப்பட்டதன்று. பின்னையது இளம் வாசகருக்கென்றே எழுதப்பட்டது. மதிப்புரையின் தொடக்கத்திலேயே இவ்வேறுபாட்டைக் குறிப்பிடுக. யாருக்காக எழுதப்பட்டது என்பதை அறியாமல் நூலை அளக்க முடியாது.

3. கதைச் சுருக்கம் வேறு, மதிப்பீடு வேறு

சுருக்கம்: "பண்ணைக்காரரின் மகன் செல்வன் கூளையனோடு சேர்ந்து விளையாடுகின்றான்."

மதிப்பீடு: "விளையாடும்போதும் ஒருவன் எசமான், மற்றவன் ஆள். சாதி, பிள்ளைகளின் விளையாட்டுக்குள்ளும் நுழைந்திருப்பதை ஆசிரியர் உபதேசமின்றிக் காட்டுகின்றார்."

முதல் வசனம் நடந்ததைச் சொல்கின்றது. இரண்டாவது, அதனால் விளைந்ததைச் சொல்கின்றது. சுருக்கம் விடையில் மூன்றிலொரு பங்கை மீறலாகாது. முடிவை வெளியிடவும் கூடாது.

குறை கூறலாமா? தாராளமாகக் கூறலாம். ஆயின் காரணம் காட்ட வேண்டும். கொங்கு வட்டார வழக்கு நமக்கு முதலில் தடையாக இருக்கும். "மொழி விளங்கவில்லை, ஆகவே நாவல் நன்றன்று" என்பது குறைகூறலன்று. "முதற் பக்கங்களில் தடுமாறினேன், பின்னர் அம்மொழியிலன்றிக் கூளையனால் வேறெப்படியும் பேச முடியாது என உணர்ந்தேன்" என்பது மதிப்பீடு.

4. சொந்த அனுபவத்தை எங்கே வைப்பது?

'கூளமாதாரி'யில் கிணறும் நீச்சலும் வரும். ஆழமான நீரருகே பிள்ளைகள் நிற்கும் ஒரு பக்கத்தை நம்மூர் வாசகர் மற்றவரைப் போல வாசிக்க மாட்டார். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலை மாணவரும் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. பாலம் கட்டி முடியாமையால் ஏறிய பாதை அது.

இதை மதிப்புரையில் எழுதலாமா? ஓரிரு வசனங்களில் எழுதலாம். "இப்பக்கத்தில் நான் நூலை மூடி வைத்தேன், காரணம் இது" என எழுதி, மீண்டும் நூலுக்குத் திரும்புக. விபத்தைப் பற்றியே ஒரு பக்கம் எழுதினால் அது வேறு கட்டுரையாகிவிடும். அனுபவம், நூலைக் காட்டும் விளக்காக அமைய வேண்டும்.

5. ஒரு மாணவியின் வினா

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பற்றி எழுதிய மாணவி ஒருத்தி, கதையில் வரும் பிள்ளைக்குத் துணையாகப் பேசும் பொம்மை இருந்தது, பொம்மை இல்லாத பிள்ளை யாரிடம் சொல்லும் என ஈற்றில் கேட்டிருந்தாள். "தலைப்புக்குப் புறம்பானது" எனச் சிவப்பு மையால் கோடிட்டேன். மறுநாள்தான் என் தவறு எனக்குப் புரிந்தது. அவ்வாண்டு என் வகுப்பில் எழுதப்பட்ட மிகச் சிறந்த மதிப்பீடு அதுவே.

ஏனெனில் அவ்வினா நாவலின் மையத்தையே தொடுகின்றது. பொம்மை பேசுவது கற்பனை, தொல்லையோ கற்பனையன்று. உண்மையான துன்பத்துக்குக் கற்பனைத் துணை போதுமா? "போதாது, வாழ்வில் பொம்மை பேசாது" எனலாம். "போதும், சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு அந்நூலே பொம்மையாகின்றது" எனவும் வாதிடலாம். எதுவாயினும் நூலிலிருந்து சான்று தருக.

அவளுடைய வினாவுக்கு நேரான விடையும் உண்டு. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கோடிட்ட மறுநாள் நான் முதலில் செய்தது, அவளை அழைத்து இதைச் சொன்னதுதான்.

6. விடையின் அமைப்பு

முதற் பந்தி: நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, யாருக்கான நூல்.
இரண்டாம் பந்தி: கதைச் சுருக்கம், முடிவின்றி.
மூன்றாம் பந்தி: பாத்திரம், மொழி, களம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்து சான்றுடன் மதிப்பீடு.
நான்காம் பந்தி: குறை அல்லது உங்கள் வினா.
ஐந்தாம் பந்தி: யார் வாசிக்கலாம், ஏன். "அனைவரும்" என எழுதற்க.

நினைவிற் கொள்க

வாசிக்கும்போது பென்சிலும் தாளும் அருகில் இருக்கட்டும். மனம் நின்ற இடங்களின் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்க. மூன்று பக்க எண்கள் இருந்தால் மூன்றாம் பந்திக்கு வேண்டிய சான்று கிடைத்துவிடும்.

பயிற்சி

1. நீங்கள் வாசித்த இளையோர் நாவல் ஒன்றிலிருந்து ஒரு சுருக்க வசனமும், அதே நிகழ்ச்சி பற்றிய ஒரு மதிப்பீட்டு வசனமும் எழுதுக.
2. அந்நாவலின் ஆசிரியரை நேரிற் கண்டால் கேட்க விரும்பும் ஒரு வினாவை எழுதுக. அதற்கு நூலிலேயே விடை உண்டா என ஆராய்க.
3. "சிறப்பு", "அருமை", "எளிய நடை" ஆகிய சொற்களைப் பயன்படுத்தாது 150 சொற்களில் மதிப்புரை ஒன்று எழுதுக.

மூன்றாம் பயிற்சி கடினமாகவே இருக்கும். எழுதியதைக் கொண்டு வாருங்கள். இம்முறை சிவப்புக் கோடிடுமுன் இரு தடவை வாசிப்பேன்.