ரூபாய் சரிந்தபோது ஈட்டுப்படி யாருக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால், ரூபாயில் சம்பளம் வாங்கி ரூபாயிலேயே செலவழிக்கிறவருக்கு என்ன நட்டம் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. நீ படிக்க வந்திருக்கும் பெங்களூரின் பழைய கதை ஒன்றை வைத்தே அதற்குப் பதில் சொல்கிறேன்.

1881இல் மைசூர் ஆட்சி மீண்டும் உடையார்களிடம் வந்தது. ஆனால் அல்சூரை உள்ளடக்கிய கண்டோன்மென்ட்டை ஆங்கிலேயர் விடவில்லை. ‘சிவில் மற்றும் ராணுவ நிலையம்’ என்ற பெயரில் 1947 வரை அது ரெசிடென்ட் என்ற ஆங்கிலேயப் பிரதிநிதியின் ஆளுகையில் இருந்தது. அங்கும் சரி, சென்னை மாகாணத்திலும் சரி, போலீஸின் உயர் பதவிகளில் ஆங்கிலேயர் இருந்தனர். தெருவில் ரோந்து போன கான்ஸ்டபிள்கள் இந்த மண்ணின் மக்கள். இரு தரப்புக்கும் சம்பளம் ரூபாயில்தான். ஆனால் கான்ஸ்டபிளின் ரூபாய் உள்ளூர்க் கடைத்தெருவில் செலவானது. அதிகாரியின் சம்பளத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பச் செலவுக்கும் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பவுனும் அதன் சில்லறையான ஷில்லிங்கும் பென்னியும்தான் செல்லும்.

அன்றைய ரூபாய் வெள்ளி நாணயம். 180 கிரெயின் எடையில் 165 கிரெயின் தூய வெள்ளி. யார் வெள்ளி கொண்டுபோனாலும் நாணயச்சாலையில் கட்டணம் செலுத்தி ரூபாயாக அடித்து வாங்கலாம். அதனால் வெள்ளியின் விலை எங்கே போனதோ, ரூபாயும் அங்கே போனது. 1871க்குப் பிறகு ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது. மற்ற நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதைக் குறைத்தன. அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளி வந்து குவிந்தது. 1870களின் தொடக்கத்தில் 2 ஷில்லிங்கை ஒட்டி இருந்த ரூபாய், 1894-95இல் 1 ஷில்லிங் 1 பென்னி அளவுக்கு இறங்கியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு போலீஸ் அதிகாரிக்கு மாதம் 500 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள். ரூபாய்க்கு 2 ஷில்லிங் கிடைத்த காலத்தில் அது 50 பவுன். 1 ஷில்லிங் 2 பென்ஸ் ஆனபோது 29 பவுனுக்குச் சற்று மேல். வீட்டுக்கு 20 பவுன் அனுப்ப முன்பு 200 ரூபாய் போதும். இப்போது 343 ரூபாய் வேண்டும். சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் மனிதர் ஏழையாகிவிட்டார். அவருடைய கவலை உண்மையானதே. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

அந்தக் கவலை அரசின் காதுக்கு எட்டியது. 1892இல் ஜேம்ஸ் மக்கேயின் தலைமையில் இந்திய நாணயச் சங்கம் ரூபாயின் சரிவைத் தடுக்கக் கோரிக் கிளர்ச்சி செய்தது. அரசு அமைத்த ஹெர்ஷல் பிரபுவின் குழு இதை ஆராய்ந்தது. 1893 ஜூன் 26 அன்று, பொதுமக்கள் வெள்ளி கொடுத்து ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு நாணயமாற்று ஈட்டுப்படியும் வந்தது. சம்பளத்தில் பாதியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கணக்கிட்டு, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுத்தது.

நம் 500 ரூபாய் அதிகாரிக்கு, 1 ஷில்லிங் 2 பென்ஸ் விலையில், இந்தப் படி மாதம் 71 ரூபாய். 1902-03இல் பிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் கான்ஸ்டபிளின் சம்பளம் 8 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்த 8 ரூபாயை வைத்துக்கொண்டாலும், ஓர் அதிகாரியின் ஈட்டுப்படி ஏறக்குறைய ஒன்பது கான்ஸ்டபிள்களின் முழுச் சம்பளம். கொடுத்தது யார்? வரி செலுத்திய இந்தியர். இங்கிலாந்துக்குப் பவுனில் பணம் அனுப்பிய அரசின் நாணயமாற்று நட்டமும் பர்மா போர்ச் செலவும் கஜானாவை நெருக்கியதால், 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2½ ரூபாயாக ஏற்கெனவே உயர்ந்திருந்தது. அந்த வரி கான்ஸ்டபிள் வீட்டுக் கஞ்சியிலும் இருந்தது. காங்கிரஸ் இந்தப் படியை எதிர்த்துக் குரல் கொடுத்ததன் நியாயம் இதுதான்.

இந்தியாவிலேயே நிலையாகக் குடியிருப்பவர் என்று கருதப்பட்டவருக்கு இந்தப் படி கிடையாது. 1882இல் ஆங்கிலோ-இந்தியர் குடியேற்றமாகத் தொடங்கிய ஒயிட்ஃபீல்டை நீ இன்று ஐடி நிறுவனங்களின் ஊராக அறிவாய். அப்படி இங்கேயே வேர்விட்ட ஆங்கிலோ-இந்தியர், அரசு வேலையில் இருந்தாலும், படிக்கு வெளியே நின்றார்.

இன்னும் ஆழமான அடி ஒன்று உண்டு. ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு வங்கியில் இல்லை. வெள்ளிக் கொலுசிலும் காப்பிலும் அரைஞாணிலும் இருந்தது. நாணயச்சாலை பொதுமக்களுக்கு மூடப்பட்டபின், புதிய ரூபாய் அரிதானதால் ரூபாய் நாணயத்தின் மதிப்பு ஏறி, 1898 வாக்கில் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நின்றது. நாணயம் அடிக்கப்படாத வெள்ளியோ மலிந்தே கிடந்தது. 1896-97, 1899-1900 பஞ்சங்களில் நகையை விற்கப் போனவருக்கு, அதே எடை வெள்ளிக்கு முன்னைவிடக் குறைந்த ரூபாயே கிடைத்தது. அரசின் நிதியையும் அதிகாரியின் சம்பளத்தையும் காத்த அதே நடவடிக்கை, ஏழையின் சேமிப்பைக் கரைத்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ரூபாயில் வாங்கி ரூபாயில் செலவழிப்பவரையும் சரிவு தொடும், சுற்று வழியில். கச்சா எண்ணெயையும் சமையல் எண்ணெயையும் நாம் பெருமளவு வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். அந்த விலை லாரி வாடகையிலும் மளிகைக் கடையிலும் வந்து சேரும். டாலரில் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு அதே சரிவு லாபம். அரசு ஊழியருக்கு விலைவாசிக் குறியீட்டை வைத்து அகவிலைப்படி உண்டு. கட்டட வேலை செய்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அப்படி ஒரு படி பெரும்பாலும் கைக்கு எட்டுவதில்லை.

ஆகவே, நாணயம் சரிந்தது என்று படிக்கும்போதெல்லாம் மூன்றைக் கேள்: இவர் எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறார்? எதில் செலவழிக்கிறார்? நட்டத்தை ஈடுகட்டும் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது? முதல் இரண்டும் பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் கிடைக்கும். மூன்றாவதை நீதான் கேட்க வேண்டும். ஏனென்றால் ரூபாய்ச் சரிவை அன்று ஆராய்ந்த குழுவில் அந்தக் கான்ஸ்டபிளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. நாளை நீ உட்காரும் குழுவில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா