குடைமிளகாயும் சுத்தபோசனமும்

(குடும்பத்தார் கூடி வாசிக்க ஒரு பாடம்)



தபசுகால வெள்ளிக்கிழமை வந்தால் அநேக வீடுகளில் எழும்பும் கேள்வி ஒன்றே: "இன்றைக்கு என்ன சமைப்பது?" சில வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விடைதான் விசித்திரம். இறைச்சி கூடாது என்றதும் வஞ்சிர மீனும் பெரிய இறாலும் சந்தையிலிருந்து வந்து சேருகின்றன. மற்ற நாட்களைவிட அன்றைக்குச் செலவும் அதிகம், சாப்பாடும் அதிகம். கட்டளை மீறப்படவில்லை, மெய்தான். ஆனால் தபசு எங்கே போயிற்று?

இதற்கு விடை தேட, தென் இத்தாலியின் எளிய குடும்பங்களுடைய அடுக்களைக்குள் இன்று சற்று நுழைந்து பார்ப்போம். அங்கே இறைச்சியின்றிச் சமைக்கும் ஒரு பதார்த்தம் நமக்கு நல்ல ஞானப் பாடம் சொல்லித் தருகிறது.

1. கட்டளை

கே. சுத்தபோசனம் என்றால் என்ன?

வி. திருச்சபை குறித்த நாட்களில் மாமிசத்தை விலக்குவது. ஒருசந்தி வேறு; அது உணவின் அளவைக் குறைப்பது.

கே. இது யாரைக் கட்டுப்படுத்தும்?

வி. 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஏழு வயது நிறைந்தவர்களையே கட்டுப்படுத்திற்று. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1966 பிப்ரவரி 17-ந் தேதி வெளியிட்ட கட்டளைப்படி, பதினான்கு வயது நிறைந்தவர்களை அது கட்டுப்படுத்துகிறது. 1983-ம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. அதன்படி ஒருசந்தி பதினெட்டு வயது நிறைந்தது முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரைக்கும் உரியது.

கே. எந்த நாட்களில்?

வி. பெருவிழா நேரிட்டாலொழிய, ஆண்டின் வெள்ளிக்கிழமைகள் எல்லாவற்றிலும் மாமிசத்தையோ, ஆயர் பேரவை குறிக்கும் வேறு உணவையோ விலக்கவேண்டும். ஆயர் பேரவை இதற்குப் பதிலாக வேறு தபசு முயற்சிகளை நியமிக்கவும் கூடும். விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் சுத்தபோசனமும் ஒருசந்தியும் சேர்ந்தே உண்டு.

2. பதார்த்தம் பிறந்த விதம்

குடைமிளகாய் இத்தாலியின் பூர்வீகக் காய் அல்ல. 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கா கண்ட பிற்பாடு, ஸ்பானியர் வழியாய் ஐரோப்பாவுக்கு வந்தது. தென் இத்தாலியின் வெயிலில் நன்றாய்ப் பலித்தது. அதை அவர்கள் பெப்பரோனி என்பார்கள். அமெரிக்காவில் அதே பெயர் ஒருவகை இறைச்சிப் பண்டத்துக்கு வழங்குகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே பூரணம் வைத்த குடைமிளகாய்க்கு பெப்பரோனி ரிப்பியேனி என்று பெயர்.

வசதியுள்ளவர்கள் கொத்திய இறைச்சியை அடைப்பார்கள். இறைச்சி வாங்க வகையில்லாத வீட்டிலோ, சுத்தபோசன நாளிலோ, தாய் என்ன செய்வாள்? அவ்விடங்களில் ரொட்டியைப் பெரிது பெரிதாய்ச் சுட்டு நாட்கணக்கில் வைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். கடைசியில் மிஞ்சும் துண்டு கல்லைப்போல் இறுகிப்போகும். அதை எறிந்துவிட அவளுக்கு மனம் வராது. துருவித் தூளாக்கி, தோட்டத்தில் உள்ளதைச் சேர்த்து, இறைச்சி இருக்கவேண்டிய இடத்தில் அதை வைப்பாள். எறியவேண்டியது என்று பிறர் நினைப்பதே அங்கே குடும்பத்தின் போஜனமாகிறது.

சிசிலித் தீவில் இந்த ரொட்டித்தூளுக்கு இன்னொரு மகிமையும் உண்டு. மார்ச் 19-ந் தேதி அர்ச். சூசையப்பர் திருநாள் தபசுகாலத்தில் வருவதால், அன்றைய பந்தியில் இறைச்சி வைப்பதில்லை. மாவுப் பண்டமாகிய பாஸ்தாவின்மேல் வறுத்த ரொட்டித்தூளைத் தூவுவார்கள். அது தச்சராகிய சூசையப்பரின் பட்டறை மரத்தூளுக்கு அடையாளமாம். அந்தப் பந்தியில் ஏழைகளை உட்கார்த்தி உபசரிப்பது அங்குள்ள நெடுநாளைய வழக்கம்.

3. செய்யும் முறை (ஆறு பேருக்கு)

வேண்டியவை: நன்றாய்ப் பழுத்த சிவப்பு அல்லது மஞ்சள் குடைமிளகாய் 6, இரண்டு மூன்று நாளான ரொட்டி 300 கிராம், தக்காளி 3, பூண்டு 2 பல், கொட்டை நீக்கிய ஒலிவப் பழம் 15, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு ஒரு மேசைக்கரண்டி, பார்ஸ்லி தழை ஒரு கைப்பிடி, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கொரீனோ பாலாடைக்கட்டி 50 கிராம், ஒலிவ எண்ணெய் 5 மேசைக்கரண்டி. உப்பிட்ட நெத்திலி நாலைந்து சேர்ப்பவர்களும் உண்டு. மீன் சுத்தபோசனத்துக்கு விரோதமல்ல.

பச்சைக் காய் முதிராதது, சற்றுக் கசக்கும். ஆகையால் பழுத்ததையே பொறுக்கவும். காம்புப் பக்கத்தை மூடிபோல் அறுத்தெடுத்து, விதையையும் வெள்ளை நரம்பையும் நீக்கவும். மூடிகளை எறியாமல் வைத்திருக்கவும்.

ரொட்டியைத் தூளாக்கி, பாதி எண்ணெயில் பூண்டோடு பொன்னிறமாய் வறுக்கவும். இந்த வறுவல்தான் ருசிக்கு உயிர். இறக்கி ஆறவிட்டு, பொடியாய் நறுக்கிய தக்காளி, ஒலிவம், கழுவிய கேப்பர், தழை, துருவிய பாலாடைக்கட்டி யாவையும் கலக்கவும். கையால் பிடித்தால் பிடிபடவேண்டும். உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும். உப்பை மட்டும் ருசி பார்த்தே போடவும். கேப்பர், ஒலிவம், பாலாடைக்கட்டி எல்லாமே உப்புள்ளவை.

இதைக் காய்க்குள் இட்டு நிரப்பவும். ரொட்டி ஊறிப் பருக்குமாதலால் அழுத்தித் திணிக்கலாகாது. மூடியை வைத்து, காய்கள் சாயாதபடி ஒரு பாத்திரத்தில் நெருக்கமாய் நிறுத்தி, மீதி எண்ணெயை மேலே விட்டு, அடியில் அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றவும். அடுப்புப் பெட்டியில் 180 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம் வேகவைக்கவும். அந்தப் பெட்டி இல்லாதவர்கள் அகன்ற பாத்திரத்தில் தக்காளிச் சாறு ஊற்றி, காய்களை அதில் நிறுத்தி, மூடி, இளந்தணலில் தோல் குழையும்வரை வைக்கலாம். சுடச்சுடச் சாப்பிடுவதைவிட ஆறின பிறகே சுவை கூடும். ஆகவே காலையில் செய்து வைத்துவிட்டு, சாயங்காலம் குடும்பத்தோடு சிலுவைப்பாதைக்குப் போய்வரலாம்.

4. நாம் கற்றுக்கொள்வது

முதலாவது, ருசியாயிருந்தால் தபசாகாது என்று எண்ணவேண்டாம். திருச்சபை மாமிசத்தை விலக்கச் சொன்னதேயல்லாமல், சமையலைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஒருசந்தி இருக்கிறவர்கள் முகவாட்டம் காட்டவேண்டாம் என்று சேசுநாதரே போதித்திருக்கிறார்.

இரண்டாவது, ஐயாயிரம் பேரைப் போஷித்த அதே ஆண்டவர், மிஞ்சின துணிக்கைகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. புதுமை செய்ய வல்லவர் துணிக்கைகளைப் பொறுக்கச் சொன்னாரென்றால், நாம் எறிவதற்கு என்ன நியாயம்?

மூன்றாவது, இதுதான் முக்கியமானது. ஒலிவமும் கேப்பரும் இத்தாலிய ஏழைக்குத் தன் நிலத்திலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. நமக்கோ அவை விலையேறின சரக்கு. இந்தப் பதார்த்தத்துக்காகவே கடைகடையாய் அலைந்து நூற்றுக்கணக்கில் செலவிட்டால், பாடம் தலைகீழாகிவிடும். வஞ்சிர மீனுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அந்தத் தாயின் பட்டியலைவிட அவளுடைய மனத்தையே நாம் பின்பற்றவேண்டும். வீட்டில் மிஞ்சினது ரொட்டியானால் ரொட்டி, சோறானால் சோறு. இத்தாலியிலும் சோறு அடைப்பவர்கள் உண்டு. தக்காளியும் வெங்காயமும் நம் வீட்டு எண்ணெயும் போதும்.

அப்படிச் செய்து இறைச்சியின் விலையில் மிச்சப்படும் பணம் நம்முடையதல்ல. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று சர்வேசுரன் இசையாஸ் தீர்க்கதரிசியின் வாயிலாய் அறிவித்தார். வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, எந்தக் கிழமையும் இறைச்சியைக் காணாத வீடுகள் நம் தெருவிலேயே உண்டு.

சிந்திக்க

1. சென்ற வெள்ளிக்கிழமை நம் வீட்டுச் சாப்பாட்டுச் செலவு கூடிற்றா, குறைந்ததா?

2. இந்த வாரம் நம் அடுக்களையிலிருந்து குப்பைக்குப் போன உணவு எது?

3. மிச்சப்பட்ட பணம் யார் கைக்குப் போய்ச் சேரவேண்டும்?

தீர்மானம்: வருகிற வெள்ளிக்கிழமை, மிஞ்சினதைக் கொண்டு ஒரு வேளை சமைப்போம். ஒரு காயைக் கூடுதலாய் அடைத்து, இல்லாத ஒருவர் வீட்டுக்குப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவோம்.