நாரிக்கடியில் வரும் முடிக்கூட்டுக் கட்டி

உழவு இயந்திரம் ஓட்டும் பிள்ளை ஆசனத்தில் ஒருக்களித்து இருக்கத் தொடங்கினால் வீட்டார் காரணத்தைக் கேட்கவேண்டும். "நாரி நோகுது" என்று சமாளிப்பான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் தங்கிய முகாமொன்றில், ஓர் இளைஞன் மாதக்கணக்காக இதை மறைத்து வைத்திருந்ததை நாம் கண்டோம். ஒரே கொட்டிலுக்குள் எட்டுப்பேர் படுக்கும்போது, தாய்க்கும் காட்டக் கூசும் இடத்தில் வந்த கட்டி. மூலம் என்றெண்ணி உறைப்பை விட்டான். கடையில் குளிசை வாங்கி விழுங்கினான். கட்டி வளர்ந்தது.

அது மூலமன்று. மூலம் மலவாசலில் வருவது. இக்கட்டி அதற்குச் சற்று மேலே, வாலெலும்பின் மேல், பிட்டத்தின் இரு பக்கமும் சேரும் பிளவில் வருவது. உற்றுப் பார்த்தால் ஊசித்துளை போன்ற குழிகள் ஒன்றிரண்டு தெரியும். வைத்தியர்கள் இதனைப் பைலோனைடல் என்பர். இலத்தீனில் முடிக்கூடு என்று பொருள்; 1880இல் இடப்பட்ட பெயர்.

பிறப்பிலேயே உள்ள குறை என்று முன்னர் எண்ணினர். உதிர்ந்த முடி அப்பிளவில் தங்கி, இருக்கையின் அழுத்தத்தாலும் உராய்வாலும் தோலுக்குள் இறங்குவதே பெரும்பாலும் காரணம் என்று இன்று கொள்ளப்படுகிறது. உள்ளே சென்ற முடியை உடல் எதிர்க்க, சீழ் பிடிக்கிறது. முடிதிருத்துவோரின் விரலிடுக்குகளிலும் பிறருடைய முடி இறங்கி இதே நோய் வருவதுண்டு. இரண்டாம் உலகப் போரில் குலுங்கும் ஜீப்புகளில் நெடுநேரம் இருந்த அமெரிக்கப் படையினர் பல்லாயிரவருக்கு இது வந்தமையால் 'ஜீப் நோய்' என்றும் பெயர் பெற்றது. தலையிலிருந்து வெட்டுண்ட சிறு முடிகளும் இக்கட்டிகளுக்குள் காணப்பட்டுள்ளன. முடிவெட்டினால் முழுகிவிட்டு உள்ளே வா என்று எமது பாட்டிமார் வாசலில் மறித்ததில் பயன் இருந்திருக்கிறது!

பருவ வயது முதல் 40 வயது வரையானோருக்கே இது கூடுதலாக வரும். ஆண்களுக்கு அதிகம், பெண்பிள்ளைகளுக்கும் வரும், அவர்கள் இன்னும் இறுக்கமாக மறைப்பார்கள். தொற்றுநோயன்று, ஒழுக்கக்கேட்டால் வருவதுமன்று.

சீழ் கட்டியபின் குளிசை மட்டும் போதாது. பிதுக்குவதும் பிளேட்டால் கீறுவதும் சீழை ஆழத்துக்குத் தள்ளும். அரசாங்க வைத்தியசாலையில் விறைப்பூசி போட்டு, கீறிச் சீழையும் முடியையும் அகற்றுவார்கள், கட்டணம் இல்லை. காய்ச்சல் இருந்தாலோ, சிவப்பு பரவினாலோ, நோயாளிக்கு நீரிழிவு இருந்தாலோ அன்றைக்கே போகவேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் சத்திரசிகிச்சை செய்து, துளைகளோடு முடிக்கூட்டை வெட்டி எடுப்பர். நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கமாகத் தைத்து மூடும் முறையில் புண் விரைவில் ஆறும். மீண்டும் வருவதும் குறைவு.

வெட்டிய புண்ணைத் தைக்காமல் திறந்து விட்டிருந்தால் பயப்படவேண்டாம். அது அடியிலிருந்து ஆறி மேலே வரவேண்டும். மேல்தோல் முந்தி மூடினால் உள்ளே மறுபடி சீழ் பிடிக்கும். ஆறப் பல வாரங்கள் எடுக்கும். இங்கேதான் எமது குடும்பங்கள் தவறிவிடுகின்றன: நோ குறைந்ததும் மருந்து கட்டப் போவதை விட்டுவிடுகிறார்கள். வைத்தியசாலை தொலைவானால், எப்படிக் கட்டுவது என்று தாதியிடம் பழகிக்கொண்டு, வீட்டில் ஒருவர் சவர்க்காரத்தால் கைகழுவி, கொதித்தாறிய நீரால் புண்ணைக் கழுவிக் கட்டலாம். மறைவுக்கு ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். புண் ஆறியபின்னும் சுற்றியுள்ள முடியை அகற்றி வரவேண்டும். நெடுநேரம் இருந்து வேலை செய்பவர் இடைக்கிடை எழும்பி நடக்கவேண்டும்.

வைத்தியசாலையில் தரும் நோய் நிர்ணய அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். மீண்டும் இடம் மாற நேர்ந்தால், எங்கே, எப்போது, எப்படி வெட்டினார்கள் என்று புதிய இடத்து வைத்தியர் அதைப் பார்த்தே அறிவார்.