கணினியில் வைத்த கணக்குகள் காணாமற் போகாதிருக்க

நமது சங்கங்களின் அங்கத்தினர் ஜாபிதாவும், சந்தாக் கணக்கும், கூட்ட நடவடிக்கைகளும் முன்னாளில் தடித்த அட்டைப் புத்தகங்களில் இருந்தன. கரையானும் ஈரமும் அவற்றிற்குப் பகையாயிருந்தன. இன்று அவை பெரும்பாலும் கணினியில் ஏறிவிட்டன. ஆயினும் பயம் தீர்ந்தபாடில்லை. புத்தகத்தைக் கரையான் அரித்தால் பாதிப் பக்கமாவது மிஞ்சும். கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானால் ஒரு வரியும் மிஞ்சாதிருக்கக் கூடும்.

மரண சகாய நிதிக்குப் பத்து வருஷம் தவறாமல் சந்தா கட்டி வந்த ஒருவர் மௌத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டியதற்கு அத்தாட்சி ஒரே டிஸ்க்கில் இருந்து, அதுவும் போய்விட்டதானால், அவர் குடும்பத்தாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? ஆகவே இவ்விஷயத்தை யாவரும், முக்கியமாகக் காரியதரிசிகளும் பொருளாளர்களும், அறிந்திருத்தல் அவசியம்.

ஹார்ட் டிஸ்க் என்பது யாது?

1956-ம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி 'ராமாக்' என்னும் கணினியுடன் முதல் டிஸ்க் சாதனத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளும், ஏறக்குறைய ஒரு டன் எடையும் கொண்ட அச்சாதனத்தில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் டிஸ்க் அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு கொள்கிறது.

அளவு மாறினாலும் அடிப்படை முறை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றின்மேல் எழுதவும் படிக்கவும் செய்யும் சிறு முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் கனமோ பல்லாயிரம் நானோமீட்டர்! ஆதலால் ஒரு சிறு தூசியோ, ஓடும்போது ஏற்படும் ஓர் அதிர்ச்சியோ போதும். முனை தட்டில் உராய்ந்து பூச்சைக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்தது போனதுதான். இதுவன்றி, மோட்டார் நின்றுபோதலும், இடி மின்னலின்போது மின்சாரம் திடீரென ஏறி உட்பலகை கருகுதலும் உண்டு.

இப்போது பரவியுள்ள எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகம் இல்லை. அதிர்ச்சிக்கு அது அவ்வளவாக அஞ்சாது. ஆனால் எழுத எழுத அதன் நினைவகம் தேய்கிறது. மின்சாரமின்றி நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் பதிந்தவை மங்கவும் கூடும். எனவே அதற்கும் விலக்கு இல்லை.

எத்தனை நாள் உழைக்கும்?

சில டிஸ்க்குகளின் விவரத்தாளில் '10 லட்சம் மணி' என்று கண்டிருக்கும். அதனை வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டுகளாகிறது. ஒரு டிஸ்க் அத்தனை காலம் உழைக்கும் என்று இதற்குப் பொருளன்று. ஆயிரம் டிஸ்க்குகள் ஓயாமல் ஓடினால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 9 பழுதாகும் என்பதே பொருள்.

அனுபவமோ இதனினும் கடுமையாயிருந்தது. 2007-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்ரோடர், கிப்சன் இருவரும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் விவரங்களை ஆராய்ந்தனர். ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 வரை மாற்றப்படுவது சாதாரணமாயிருந்தது. சில இடங்களில் 13 வரை சென்றது. அதே ஆண்டில் கூகிள் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. பழுதான டிஸ்க்குகளில் நூற்றுக்கு 36-க்கு மேற்பட்டவை, தம்மைத் தாமே கண்காணிக்கும் அளவைகளில் கோளாறு எதனையும் காட்டாமலே பழுதாயின. எது எப்போது போகும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது என்பது இதனால் விளங்கும். பிரதி எடுத்து வைப்பதே வழி.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் க்ரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவச் செய்த எளிய விதி ஒன்று உண்டு. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

வேறு இடம் எதற்கு? 2025 செப்டம்பர் 26-ம் தேதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தகவல் நிலையம் ஒன்றில் தீ பிடித்தது. அரசு ஊழியர் உபயோகித்து வந்த சேமிப்பில் 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. அவற்றிற்கு வெளியில் பிரதி இல்லை. பெரிய அரசாங்கத்திற்கே இந்நிலை என்றால் நம் சங்க அறை எம்மாத்திரம்? தீ, திருட்டு, வெள்ளம் ஆகிய மூன்றும் ஒரே அறையிலுள்ள எல்லாப் பிரதிகளையும் ஒருசேரக் கொண்டுபோகும்.

சில தவறான எண்ணங்கள்

"எங்கள் கணினியில் இரண்டு டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் எழுதுகின்றன; அது போதாதா?" என்பார் உளர். ரெய்ட் எனப்படும் இம்முறை, ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நில்லாமல் நடக்க உதவும். ஆனால் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அக்கணமே அழியும்.

பிரதி டிஸ்க்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைப்பதும் நன்றன்று. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற நச்சுநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள், செருகியுள்ள டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே பிரதி எடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும்.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். 1998-ல் பிக்சார் கம்பெனியார் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பிரதியைத் தேடினால் அது குறையுள்ளதாயிருந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை செய்த கேலின் சூஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கணினியிலிருந்த பிரதியே படத்தைக் காப்பாற்றிற்று.

நாம் செய்ய வேண்டியவை

மாதம் ஒருமுறை நாள் குறித்துப் பிரதி எடுத்தல் வேண்டும். ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும். மற்றொன்றை வேறொரு நிர்வாகியின் வீட்டிலோ, இணையச் சேமிப்பிலோ வைக்கலாம். அங்கத்தினரின் அடையாளக் கார்டு எண்களும் விலாசங்களும் அதில் இருப்பதால், கடவுச்சொல்லிட்டுப் பூட்டுதல் அவசியம். அக்கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் அறிந்திருத்தல் ஆகாது; இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

டிஸ்க்கில் 'டிக், டிக்' என்று புதுச்சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதும், வீட்டில் திறந்து பார்ப்பதும் மிஞ்சியதையும் கெடுக்கும். பிரதி இல்லையேல் அதற்கென உள்ள நிபுணரிடம் கொடுப்பதே மேல். அதற்கு ஆகும் செலவில் புதிய டிஸ்க்குகள் சில வாங்கிவிடலாம்.

நிர்வாகக் கூட்டங்களில் கணக்கு வாசிக்கும்போது, "கடைசியாகப் பிரதி எடுத்த தேதி யாது? அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்தவர் யார்?" என்னும் இரு கேள்விகளையும் கேட்டு, விடையை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்து வருமாறு எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.